தூங்குமூஞ்சி விளக்கு

அணைத்த பிறகும் நமது வீட்டுக் கூடத்து விளக்கு எரிகிறதென்று முதன்முதலில் சொன்னவர் நமது தாயார். எழுபது வயதைத் தாண்டிய அவருக்கு இரவில் தூக்கம் குறைவு. நடு நிசியில் கண் விழித்துப் பார்த்தால், சுவரில் மாட்டியிருக்கும் நாலடி ட்யூப் லைட்டின் ஒரு முனையில் நிலவு கசிந்தாற்போல் மங்கலான வெளிச்சம் தெரிகிறதாம். "அணைச்ச விளக்கு எரியுதுடா, தம்பி" என்று அவர் காலையில் சொன்னபோது நாம் சிரித்தோம். கண்ணில் புரை எடுத்தவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றுவது உண்டென்று ஒரு வியாக்கியானமும் செய்தோம். பட்டதாரிகளுக்கு வியாக்கியானம் செய்யச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

அதே விளக்கு மாலை வேளையில் வேறொரு சேஷ்டை செய்யத் தொடங்கியிருந்தது. ஸ்விட்சைப் போட்டால் மூன்று முறை கண் சிமிட்டும்; பிறகு ஏதோ யோசனையில் ஆழ்ந்ததுபோல் அப்படியே இருந்து விடும். ஒட்டடைக் கம்பினால் ஒரு தட்டுத் தட்டினால் திடுக்கிட்டு விழித்துக் கொள்ளும். தெருவில் கனத்த லாரி ஒன்று போனால், யாரும் தட்டாமலே பளிச்சென்று எரியும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருந்த நமது புதல்வி, கணக்குப் புஸ்தகத்துடன் லாரியையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் நிலைமை ஏற்பட்டது.

வைத்தியம் ஆரம்பமாயிற்று. எலக்ட்ரீஷியன் பையன் வந்து பார்த்து, "ஸ்டார்ட்டர் போயிடுச்சு, ஸார்" என்றான். புது ஸ்டார்ட்டர் போட்டான், விளக்கு எரிந்தது. நாலு நாள் கழித்துப் பழைய கதை. "அப்போ ட்யூப்தான், ஸார்" என்றான். ட்யூபை நாமே வாங்கி, நாமே முக்காலி மேல் ஏறி மாட்டினோம். புதல்வி கீழே நின்று எடுத்துக் கொடுத்தாள். விளக்கு எரிந்தது, ஒரு வாரம் எரிந்தது. மூன்றாவது, சோக்கை மாற்றினோம். அதுவும் பலித்தது, பத்து நாளைக்கு. பலிக்காத வைத்தியத்தை உடனே விட்டு விடலாம். சில நாள் பலிக்கிற வைத்தியம் இருக்கிறதே, அதுதான் மனிதனை ஓட்டாண்டியாக்குவது. பரணில் மூன்று ஸ்டார்ட்டர், ஒரு சோக், ஒரு ட்யூப் சேர்ந்து விட்டன.

இந்தக் கட்டத்தில் நமது பள்ளிக்கூடத்துப் பௌதிக ஆசிரியர் காப்பி சாப்பிட வந்தார். நாம் சரித்திரம் போதிப்பவர்கள். சரித்திரத்தில் ஒரு சாம்ராஜ்யம் ஏன் விழுந்ததென்பதற்கு ஏழு காரணம் சொல்லலாம். ஏழும் சரி என்று மார்க் போடுவோம். பௌதிகக்காரர்களிடம் அது நடக்காது. விருத்தாந்தத்தை எல்லாம் கேட்டுவிட்டு அவர், "ஐயா, விளக்கு எப்படி எரிகிறது என்று தெரியாமல் ஏன் எரியவில்லை என்று எப்படிச் சொல்வது?" என்றார். அன்று அவர் காப்பி ஆறும் வரையில் சொன்னதையே நேயர்களுக்கு இங்கே தருகிறோம்.

குண்டு பல்பில் கம்பி பழுக்கக் காய்ந்து வெளிச்சம் தருகிறது. ட்யூபில் அப்படியல்ல. குழாய்க்குள் கொஞ்சம் ஆர்கான் வாயுவும் பொட்டளவு பாதரசமும் இருக்கின்றன. மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி வெளியிடுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். குழாயின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை வாங்கிக் கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாகத் திருப்பித் தருகிறது. பொடியில்லாத பாதரச விளக்கை அமெரிக்காவில் பீட்டர் கூப்பர் ஹூவிட் என்பவர் 1901-லேயே செய்தார். ஆனால் அதன் நீலப் பச்சை வெளிச்சத்தில் உயிருள்ளவர்கள் பிணம்போல் தோன்றினார்கள். ஆகையால் அது பெரும்பாலும் தொழிற்சாலை போன்ற இடங்களோடு நின்றது. 1926-ல் ஜெர்மனியில் எட்மண்ட் ஜெர்மரும் அவருடைய தோழர் இருவரும் குழாய்க்குள் பொடி பூசும் யோசனைக்குப் பேடண்ட் கோரினார்கள். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 1938-ல் ட்யூபைக் கடைக்குக் கொண்டு வந்தது. மறு வருஷம் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜனங்கள் அதை வாய் பிளந்து பார்த்தார்கள்.

சரித்திரம் போதும், சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. இந்த வாயு லேசில் மின்சாரத்தை உள்ளே விடாது. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் போதாது. பல நூறு வோல்ட் கொண்ட ஓர் உதை வேண்டும். உள்ளே விட்ட பிறகோ, நேர் விரோதமான குணம்! பாயப் பாய வழி அகலமாகி, கட்டுக்கடங்காமல் பெருகிக் கொண்டே போகும். பிடித்து நிறுத்த ஒருவர் இல்லாவிட்டால் கணத்தில் ட்யூப் பாழ். முதலில் உதைப்பதும் பின்பு பிடித்து நிறுத்துவதும் ஆகிய இரண்டு உத்தியோகத்தையும் பார்ப்பது சோக் என்ற அந்த இரும்பும் செம்புக் கம்பியும் சேர்ந்த கட்டி.

உதைக்க வேண்டிய சமயத்தைச் சோக்குக்குச் சொல்வது ஸ்டார்ட்டர். கட்டை விரல் தடிமன் உள்ள அந்த டப்பிக்குள், சிறு கண்ணாடிக் குமிழில் இரட்டை உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டதும் குமிழுக்குள் சிறிது ஒளி தோன்றும். அந்தச் சூட்டில் தகடு வளைந்து எதிர் முனையைத் தொடும். தொட்டவுடன் மின்சாரம் சோக் வழியாகவும் ட்யூபின் இரு முனைகளிலுள்ள கம்பிச் சுருள் வழியாகவும் ஓடிச் சுருள்களைச் சூடாக்கும். தொட்டு விட்டதால் குமிழில் ஒளி இராது. தகடு ஆறி விலகும். விலகுகிற அந்த க்ஷணத்தில், ஓடிக் கொண்டிருந்த மின்சாரம் திடீரென்று அறுபட்ட கோபத்தில் சோக் உதைக்கிறது. ட்யூப் எரிகிறது. மாறு மின்சாரம் ஏறி இறங்கிக் கொண்டே இருப்பதால், தகடு விலகும் தருணம் இறக்கத்தில் வாய்த்து விட்டால் உதையில் பலம் இராது. மறுபடியும் ஆரம்பத்திலிருந்து ஒரு முயற்சி. அதனால்தான் இரண்டு மூன்று சிமிட்டல். ஹாஸ்யம் சொல்லி எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு தனியாகச் சிரிக்கும் மாணவனுக்கு நமது வகுப்பறைகளில் "ட்யூப் லைட்" என்று பட்டம் சூட்டுவதன் பௌதிகக் காரணம் இந்தத் தகடுதான் என்பதை இருபது வருஷம் உத்தியோகம் பார்த்த பிறகு அறிந்தோம். நமக்கு என்ன பட்டம் பொருத்தமென்பதை நேயர்கள் ஊகிக்கலாம்.

ட்யூப் எரிய ஆரம்பித்து விட்டால் ஸ்டார்ட்டருக்கு வேலை கிடையாது. சுழற்றி வெளியே எடுத்து விட்டாலும் விளக்கு எரிந்து கொண்டே இருக்கும். இதைத் தெரிந்து கொண்டால் பாதி வைத்தியம் தெரிந்த மாதிரி என்றார் நண்பர். ட்யூபின் இரு முனைகளும் சிவந்து நின்று, நடுவில் வெளிச்சம் வராமல் இருந்தால், ஸ்டார்ட்டரின் தகடு ஒட்டிக் கொண்டு விட்டதென்று சந்தேகிக்கலாம். உலர்ந்த கையால், பிளாஸ்டிக் உறையுள்ள ஸ்டார்ட்டரை அந்த நிலையிலேயே சுழற்றி எடுத்தால் ட்யூப் பளிச்சென்று எரியும். குற்றவாளி கையிலேயே அகப்பட்டு விடுவான். (அலுமினிய உறையுள்ள பழைய ஸ்டார்ட்டராக இருந்தால் இந்த வித்தையில் இறங்க வேண்டாம்.) அப்படிச் சிவந்து நிற்கும் விளக்கை "காலையில் பார்த்துக் கொள்ளலாம்" என்று இரவெல்லாம் விட்டு வைப்பவர்கள் உண்டு. அந்த நேரமெல்லாம் சோக் வழியே வழக்கத்துக்கு மேற்பட்ட மின்சாரம் ஓடி, சோக் கொதித்துக் கொண்டிருக்கும். தார் கருகும் வாசனை வந்தால் யோசனைக்கே இடமில்லை. மெயினை இறக்க வேண்டியதுதான்.

ட்யூப் கிழமாகி விட்டதா என்பதைத் தெரிந்து கொள்ள முனைகளைப் பார்த்தால் போதும். சுருளின்மேல் பூசிய மருந்து ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறி, கண்ணாடியின் உட்புறம் கறுப்பாகப் படிகிறது. நன்றாய்க் கறுத்த ட்யூப் ஓயாமல் சிமிட்டிக் கொண்டே இருந்தால், அதற்கு ஆயுள் முடிந்ததென்று விட்டு விடலாம். வயதாகாத ட்யூபும் மாலையில் சிமிட்டும். வோல்டேஜ் குறைந்த வேளையில் ஸ்டார்ட்டர் திரும்பத் திரும்ப முயன்று களைத்துப் போகும். மின் விசிறியும் சேர்ந்து சோம்பினால் காரணம் வீட்டுக்கு வெளியே. உறுமல் சத்தம் சோக்கின் தகடுகள் தளர்ந்ததால் வருவது. திருகை முடுக்கினால் சில சமயம் அடங்கும். அடங்காவிட்டால் பழகிக் கொள்ளலாம்.

"சரி, நமது விளக்கு?" என்றோம்.

"மாற்றிய சாமான்களை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

பரணிலிருந்து இறக்கிக் காட்டினோம். ட்யூபையும் ஸ்டார்ட்டர்களையும் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று, நன்றாக எரிகிற தம்முடைய விளக்கில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். எல்லாம் எரிந்தன! குற்றமற்றவர்களை ஒருவர் பின் ஒருவராகத் தூக்கிலிட்டிருந்தோம். சந்தேகமுள்ள விளக்கில் புதுச் சாமானைப் போட்டுப் பார்ப்பதைவிட, சந்தேகமுள்ள சாமானை நல்ல விளக்கில் போட்டுப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை என்பது நமக்கு ஏன் தோன்றவில்லையென்று இன்றளவும் விளங்கவில்லை.

"தட்டினால் எரிகிறது, லாரி போனால் எரிகிறது என்றீர்களே, அதுதான் சாட்சி" என்றார் அவர். "ஸ்விட்ச், சோக், ஒரு முனைச் சுருள், ஸ்டார்ட்டர், மறு முனைச் சுருள் எல்லாம் ஒரே சங்கிலி. எங்கே ஒரு கண்ணி தளர்ந்தாலும் முழுச் சங்கிலியும் படுத்து விடும். ஒவ்வொரு சாமானை மாற்றியபோதும் ட்யூபைத் திருகி எடுத்து மாட்டினீர்கள். எரிய வைத்தது புதுச் சாமானல்ல, அந்தத் திருகல்."

மறுநாள் மாலை டெஸ்டருடன் வந்தார். முதலில் அதைப் பக்கத்திலிருந்த பிளக்கில் வைத்து, அது சரியாக எரிகிறதா என்று பார்த்துக் கொண்டார். "பொய் சொல்லும் சாட்சியை வைத்துக் கொண்டு விசாரணை நடத்தக் கூடாது" என்றார். பிறகு விளக்கின் ஸ்விட்சை அணைத்துவிட்டு முக்காலி மேல் ஏறி, ட்யூபைக் கழற்றாமல், ஹோல்டருக்குப் போகும் திருகாணியில் டெஸ்டரை வைத்தார்.

டெஸ்டர் எரிந்தது.

அவர் ஒன்றும் பேசாமல் கீழே இறங்கினார். ஸ்விட்சைப் பார்த்தார், அணைந்துதான் இருந்தது. "இந்தப் பலகையை எப்போது மாற்றினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த வருஷம் பழைய ஸ்விட்ச் பலகையை எடுத்துவிட்டுப் புதிது போட்டிருந்தோம். போட்டவர் யாரென்பது இங்கே அவசியமில்லை. அவர் செய்த காரியம் இது: மின்சாரம் வரும் பேஸ் கம்பியை ஸ்விட்சுக்குக் கொண்டு வராமல் நேரே விளக்குக்குக் கொடுத்துவிட்டு, திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியை ஸ்விட்சில் மாட்டியிருந்தார். ஸ்விட்சை அணைத்தால் திரும்பும் வழி அடைபடும், விளக்கு அணையும். ஆனால் சோக்கிலும் ஹோல்டரிலும் ட்யூபின் முனையிலும் 230 வோல்ட் அப்படியே காத்துக் கொண்டிருக்கும், யாராவது ஒருவர் தம் உடம்பினால் வழி ஏற்படுத்திக் கொடுக்க மாட்டார்களா என்று.

அந்த முக்காலி மேல் நாம் நின்ற நேரங்களெல்லாம் நினைவுக்கு வந்தன. ஸ்விட்ச் அணைந்திருக்கிறதென்ற தைரியத்தில் ஹோல்டரின் பித்தளை நாக்கை விரலால் நிமிர்த்தியிருக்கிறோம். அன்று காலில் ரப்பர்ச் செருப்பு இருந்தது. புதல்வியோ வெறுங்காலுடன் தரையில் நின்று ட்யூபின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள்; ஈரத் துணியால் பட்டியைத் துடைப்பதும் அவள்தான். நாலு சாமானுக்குக் காசு கொடுத்ததைப் பற்றி அதுவரையில் வருத்தப்பட்டுக் கொண்டிருந்தோம். அதன் பிறகு வருத்தப்படவில்லை.

தாயார் சொன்ன வெளிச்சமும் அப்போதுதான் விளங்கிற்று. பேஸ் கம்பி எப்போதும் உயிரோடிருப்பதால், ட்யூபிலிருந்து சுற்றியுள்ள இரும்புப் பட்டிக்கும் சுவருக்குமாக மிக நுண்ணிய அளவில் மின்சாரம் கசிந்து, இருட்டில் மட்டும் தெரியும் ஒரு மினுக்கலை உண்டாக்கியிருக்கிறது. அணைத்தவுடன் எந்த ட்யூபிலும் சிறிது நேரம் மங்கலான ஒளி இருப்பதுண்டு. அது பொடியின் இயல்பு, தானே மறைந்து விடும். வெகு நேரம் மறையாமல் இருந்தால் ஸ்விட்சைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்விட்சில் சிவப்புப் பொட்டு விளக்கு பதித்திருந்தாலும், நீளமாக இணைந்து ஓடும் கம்பிகளாலும் இந்த மினுக்கல் வரக்கூடும். ஆயினும் அவையெல்லாம் பரிசோதித்த பிறகு சொல்ல வேண்டிய சமாதானங்கள். கண் புரையைக் காரணம் காட்டிய நாம் பரிசோதிக்கவே இல்லை.

டெஸ்டர் எரியாவிட்டாலும் ஆபத்தில்லை என்று அர்த்தமாகாதென நண்பர் எச்சரித்தார். அதன் குமிழ் பழுதாயிருக்கலாம். பிடித்திருப்பவர் நிற்கும் இடம் மரப்பலகையாயிருக்கலாம். ட்யூபைத் தொடுமுன் ஸ்விட்சை நம்பாமல், மெயினை இறக்குவதோ பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக் கொள்வதோ உத்தமம். சட்டைப் பையில் என்பது முக்கியம். மேஜைமேல் வைத்தால், சீரியல் பார்க்க வேண்டியவர்கள் யாராவது எடுத்து மாட்டி விடுவார்கள்.

மெயினை இறக்கிவிட்டு ஹோல்டரைக் கழற்றிப் பார்த்ததில் அசல் குற்றவாளி அகப்பட்டான். பிளாஸ்டிக் மஞ்சளித்து நொறுங்கியிருந்தது. உள்ளே பித்தளை நாக்கு விறைப்பு இழந்து, ட்யூபின் ஊசியைத் தொட்டும் தொடாமலும் இருந்து, பொறி பறந்து கறுத்திருந்தது. நாம் வாங்கிய சாமான்களிலெல்லாம் மிகவும் மலிவானது அந்த ஹோல்டர். பலகையைச் சரி செய்ய நாமும் நண்பரும் துணியவில்லை. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, வீட்டிலுள்ள பதினொரு ஸ்விட்சையும் பரிசோதிக்கச் சொன்னோம். இன்னும் இரண்டில் இதே தலைகீழ் வேலை இருந்தது. ஒன்று குளியலறையில்.

"எதற்கு ஸார் இந்தப் பழசு? எல்.இ.டி. போட்டு விடுங்கள்" என்று அந்த எலக்ட்ரீஷியன் சொன்னார். நியாயமான யோசனைதான். இரும்புச் சோக் வைத்த 40 வாட் ட்யூப், சோக் விழுங்குவதையும் சேர்த்தால் 50 வாட்டைத் தொடும். அதில் பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் எல்.இ.டி. ட்யூப் கூடத்துக்கு வேண்டிய வெளிச்சம் தருகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-ல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், ட்யூப் லைட் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் முடித்து விடுவதென்று 2023-ல் ஜினீவாவில் தீர்மானித்தன. இந்தியாவும் அதில் ஓர் அங்கம். ஆனால் பழைய பட்டியில் எல்.இ.டி. மாட்டுவதற்கு ஒரே முறை இல்லை. சில ரகத்துக்குச் சோக்கை விட்டு வைத்து, ஸ்டார்ட்டருக்குப் பதில் கூடவே வரும் போலி ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். சில ரகத்துக்குச் சோக்கையே நீக்கி மின்சாரத்தை நேரே கொடுக்க வேண்டும். அட்டையில் அச்சிட்ட படத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அப்படிக் கம்பி மாற்றிய பட்டியில் பிற்காலத்தில் யாராவது பழைய ட்யூபைக் கொண்டு போய் மாட்டினால் விபரீதமாகும். ஆகையால் பட்டியின்மேலேயே எழுதி ஒட்டி வைப்பது நலம். நாம் எழுதி ஒட்டியிருக்கிறோம். நமது கையெழுத்தைப் பார்த்து எலக்ட்ரீஷியன் சிரித்தார்.

மிஞ்சிய பழைய ட்யூபுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெருக்கோடிக் குப்பையில் சாத்தி வைத்தால், பையன்கள் எடுத்துப் போய்ப் பட்டத்து நூலுக்கு மாஞ்சா அரைப்பார்கள்; இல்லாவிட்டால் கல்லெறிந்து டமார் என்ற சத்தத்தைக் கேட்டு மகிழ்வார்கள். உள்ளேயிருக்கும் பாதரசம் சில மில்லிகிராம்தான். ஆனாலும் அது மூச்சில் கலக்க வேண்டிய வஸ்து அல்ல. வீட்டில் உடைந்து விட்டால் குழந்தைகளை அப்புறப்படுத்தி, ஜன்னல்களைத் திறந்து, மின் விசிறியைப் போடாமல் கால் மணி நேரம் வெளியே இருந்துவிட்டு, துடைப்பத்தால் பெருக்காமல் கெட்டி அட்டையால் வாரி, மூடியுள்ள பாட்டிலில் போட்டு மூட வேண்டும். உடையாதவற்றைப் பழைய மின் சாதனங்களைச் சேகரிப்பவரிடம் முழுசாக ஒப்படைக்க வேண்டும். நமது பரணில் இருந்தவை நல்ல ட்யூபுகளாதலால் பௌதிக ஆசிரியர் வாங்கிக் கொண்டார். அவர் விசாரணைக் கட்டணம் என்றார், நாம் மறுக்கவில்லை.

வேலையெல்லாம் முடிந்த அன்றிரவு எல்லோரும் படுத்த பிறகு, கூடத்தில் தாயார் மட்டும் எழுந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டோம். "ஏன் அம்மா, தூக்கம் வரவில்லையா?" என்றோம். அவர் இருட்டில் சுவரையே பார்த்துக் கொண்டிருந்தார்.

"இப்பத்தான் அணைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக் கொண்டார்.